கழுகு ஏறிய தட்டம்

அட்டைப்படத்தைப் பார்த்து இசைத்தட்டு வாங்குபவன் அறிவாளியாக இருக்க வாய்ப்பில்லை. இதை ஆதாரத்தோடு சொல்கிறேன்.

என் தங்கை மாதுமைக்கும் மார்க்குக்கும் நிச்சயம். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இருக்கும் மார்க்கின் அப்பா வீட்டுக்கு நாங்கள் பலகாரத் தட்டங்களோடு போவதாக ஏற்பாடு. முதல்நாள் பெரியம்மா தட்டங்களை எண்ணினார். ஆறு.

“இரட்டையிலை கொண்டுபோகேலாது. தம்பி, நீ ஒண்டை நிரப்பிக்கொண்டு வா.”

மார்க்கின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கன்ட்ரி இசை என்றால் உயிர். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் எனக்கு அகப்பட்டது, கன்ட்ரியும் தெற்கத்தி ராக்கும் கலந்த ஓர் இசைத்தட்டு. அட்டையில் கழுகு, கிற்றாரோடு தாடிக்காரர்கள், பின்னால் பறக்கும் அமெரிக்கக் கொடி. (பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் நான். கொடி தெரியாதா?) அமெரிக்கா கனடாப் பொருள்களுக்கு வரி போட்ட கோபத்தில், அந்த மாதங்களில் மொன்றியலில் பலர் அமெரிக்கத் தோடம்பழத்தைக்கூடத் தொடவில்லை என்பதும் தெரியும், அந்தச் செய்தியைத் திருத்தியதே நான்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தலைக்குள் ஆளில்லை.

காலையில் எல்லாத் தட்டங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்த பெரியம்மா, ஏழாவது தட்டத்தில் இருந்த கழுகின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

மார்க் வீட்டு வாசலில், அமெரிக்கப் பொருள் எதுவும் உள்ளே வராது என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தது. பெரியம்மா அதை வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார்.

மார்க்கின் அப்பா இசைத்தட்டைத் திருப்பிப் படித்தார். ஆண்டவன் தன் கையால் செய்த நாடு என்பதில் தொடங்கி, பிடிக்காதவன் கப்பலேறலாம் என்பதுவரை, பாட்டுத் தலைப்புகளே ஒரு தேர்தல் கூட்டம் நடத்தின.

“இதை வாங்காவிட்டால்?” என்று மகனைக் கேட்டார். மாதுமை மொழிபெயர்த்தாள்.

“தட்டத்தைத் திருப்பினா சம்பந்தத்தைத் திருப்பின மாதிரி,” என்றார் பெரியம்மா. “நாங்கள் போறம் எண்டு சொல்லு.”

“இதை மட்டும் நான் எடுக்கிறன், பெரியம்மா.”

“எடுத்தா ஆறு. பொட்டும் வைச்சாச்சு. பேசாம இரு.”

மாதுமை என் காதருகே குனிந்தாள். “அண்ணை, இவர் மாட்டன் எண்டா, பேந்து என்னோடை கதைக்காதை.”

அவர் மகனைப் பார்த்தார். மகனின் முகத்தில் ரத்தமில்லை. பிறகு, மார்க் பழக்கியிருந்தபடி, தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். “கிற்றாரை மட்டும் கேட்பேன்,” என்று சொல்லி இசைத்தட்டைச் சுழலவிட்டார். பாடகர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்தார். கிற்றார் வந்ததும் கூட்டினார். ஒரு பக்கம் முழுவதும் இப்படியே போயிற்று. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து பயத்தம் பணியாரம் தின்றோம்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தி பெரியம்மாவிடம் ஒரேயொரு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டார். என்னை எங்கே கண்டாலும், “பொன்ஜூர், கழுகு.” இப்போது வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அக்காவின் சின்ன மகள் அதுதான் என் பெயர் என்று நம்புகிறாள். பாலர் பள்ளியில் அவள் வரைந்த குடும்பப் படத்தில் எல்லோருக்கும் மூக்கு, எனக்கு அலகு. நன்றாகவே வந்திருக்கிறது.