அண்ணனுக்கு ஒரு மொச்சைக்கொட்டை

பாசத்திற்கும் வணக்கத்திற்கும் உரிய அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், ஓவன் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் நெருப்பை வைத்துவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

பதினோரு மாதமாக அண்ணன் என்னோடு பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். மாடியில் அவர், கீழே நான், நடுவில் பதினாறு படி. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றாலும் கடல் தாண்டி இருக்கும் உனக்குப் போன் போடுகிறார். நீ எனக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் தொட்டி வழிந்து தெருவெல்லாம் சேறு. எல்லாம் என் மகளின் கல்யாண போட்டோ செய்த வேலை. கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் ஓரத்தை நறுக்கியதில் அண்ணனின் பாதி முகம் போய்விட்டது. நானா நறுக்கினேன்? சுவரில் அதைப் பார்த்த அன்று மாடி ஏறியவர்தான். அண்ணி தினமும் இறங்கி வருகிறார், பேசுகிறார், சிரிக்கிறார். அவர் மட்டும் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அக்கா, அவர் இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை.

அதனால்தான் உன் யோசனைக்கு மண்டையை ஆட்டினேன். உன் பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரி ஜனவரியில் பண்டிகைக்குச் சுடுகிற பாதாம் கேக், உள்ளே ஒரே ஒரு மொச்சைக்கொட்டையை ஒளித்து வைப்பார்களாம், அது யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜாவாம், தலையில் காகிதக் கிரீடம் வைப்பார்களாம். அண்ணன் துண்டில் வருகிற மாதிரி செய், கிரீடத்தை வை, கோபம் தானாக இறங்கும் என்று எழுதினாய். நீ எழுதிவிட்டாய், மாவு பிசைந்தவன் நான்.

வெண்ணெயைப் பலகை மாதிரி தட்டி மாவுக்குள் வைத்து, மூன்றாக மடித்துத் தேய்த்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் மாவுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி மடித்து, மறுபடி ஓய்வு கொடுத்து, இப்படி ஆறு தடவை. முப்பத்தோரு வருஷம் வெயிலில் நிலம் அளந்த சர்வேயர் நான், இந்த மாவு ஒரே நாளில் எடுத்த ஓய்வை என் சர்வீஸ் முழுக்க நான் எடுத்ததில்லை. முதல் மாவில் வெண்ணெய் உருகி மேடையிலிருந்து தரைக்கு வந்து என் வேட்டி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டாவது மாவை டேப் வைத்து அளந்தேன். மாவைப் பத்திரப் பதிவு பண்ணப் போறீங்களா என்று உன் நாத்தனார் கேட்டாள், நாத்தனாரா, தம்பி பொண்டாட்டி, பார், எனக்கு முறையே மறந்துபோச்சு. பாதாமை ஊறவைத்துத் தோலுரிக்கப் போனால் ஒவ்வொன்றும் விரலிலிருந்து துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடுது. கடைசியில் ஒரு வழியாக அரைத்துப் பரப்பி, சரியான இடத்தில் மொச்சையைப் பதித்து, மேல் மாவை மூடி, அதற்கு நேராக ஓரத்தில் எல்லைக்கல் மாதிரி ஒரு கிராம்பைக் குத்தி வைத்தேன். உடனே சுடக் கூடாதாம், அதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஓய்வாம். நானும் போய்ப் படுத்தேன், அங்கதான் தப்பு பண்ணினேன்.

ஓவனில் வைத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, கேக்கின் நாலு பக்கமும் வெண்ணெய் ஊற்றெடுத்து ஓடி, கம்பியில் விழுந்து, ஒரே புகை. பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு ஓடி வந்தார். புகை அடங்கித் திறந்து பார்த்தால் கேக் நன்றாகத்தான் உப்பியிருந்தது, கிராம்பைத்தான் காணோம். எல்லா ஓரமும் ஒரே மாதிரி இருக்கு, எந்தப் பக்கம் அண்ணன் பக்கம்னு யாருக்குத் தெரியும்? முப்பத்தோரு வருஷத்தில் நான் நட்ட ஒரு கல்லும் தொலைந்ததில்லை அக்கா.

பொங்கலுக்கு மாப்பிள்ளையோடு வந்திருந்த மகள் மேலே போய்க் கூப்பிட்டதால் அண்ணன் வந்தார். வந்தவர் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஆறு துண்டு போட்டேன். முதல் வாயிலேயே மாப்பிள்ளையின் பல்லில் 'டொக்' என்றது. போச்சுடா என்று நினைத்தேன். அடுத்து என் வீட்டுக்காரிக்கு 'டொக்'. பிறகு அண்ணிக்கு, பிறகு மகளுக்கு. கேக்கா இது, விதைப் பண்ணையா? அதட்டிக் கேட்ட பிறகுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அண்ணன் ராஜாவானால் அண்ணிக்குக் குறையாக இருக்குமென்று என் வீட்டுக்காரி ஒன்று போட்டாளாம். கல்யாணமான பிறகு முதல் பொங்கல், மாப்பிள்ளைக்கு மரியாதை வேண்டாமா என்று மகள் ஒன்று போட்டாளாம். மாமியாரிடம் நல்ல பேர் வாங்க மாப்பிள்ளை ஒன்று, வீட்டுக்கு வந்த பெண் ஆசைப்படுவாள் என்று அண்ணி ஒன்று. நான் தூங்கிய ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து கத்தியால் ஓரத்தைக் கிளப்பிச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெண்ணெய் ஏன் ஓடாது? அத்தனை பேரில் ஒருத்தருக்காவது எனக்கு ஒண்ணு போடணும்னு தோணலை பார்.

அண்ணனும் தன் துண்டிலிருந்து ஒரு மொச்சையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். என் துண்டை நான் தூள் தூளாக்கிப் பார்த்தேன், வெறும் பாதாம். போட்ட திட்டமெல்லாம் மண்ணாய்ப் போச்சு, இன்னும் பதினோரு மாசம் மாடிதான் என்று நினைத்து, துடைக்க ஒன்றுமில்லாத மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தட்டில் ஒரு மொச்சை வந்து விழுந்தது.

"எனக்கு ரெண்டு வந்துச்சு," என்றார் அண்ணன். "ஒண்ணு நீ வச்சுக்க."

அதில் மாவோ பாதாமோ துளிகூட ஒட்டியிருக்கவில்லை. அவர்தான் எதையும் சுத்தமாகச் சாப்பிடுகிறவர் ஆயிற்றே. ஓவனைப் பார்க்கிறேன் என்று சொல்லி நான் சமையலறைக்குள் போய்விட்டேன். கிரீடம் ஒன்றுதான் இருந்தது, யாரும் போட்டுக்கொள்ளவில்லை, அண்ணி மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் பேசியதற்கு உன் கேக்தான் காரணம் என்று நீ பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். கை வலி, வேட்டி பாழ், ஓவன் ரிப்பேர். அந்தத் திட்டத்தால் ஒரு பைசா பிரயோஜனமில்லை, ஏதோ அதிர்ஷ்டத்தில் அவருக்கு இரண்டு வந்ததால் பிழைத்தேன். இனி இந்த மாதிரி யோசனை எதையும் எனக்கு அனுப்பாதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நீடூழி இருக்கட்டும், மாவு பிசையும் ஆசை மட்டும் அவர்களுக்கு வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு. தங்கச்சி, இது உன் அண்ணன் எழுதுவது. தபாலில் போடச் சொல்லி இதை என்னிடம் கொடுத்தான். வீட்டுக் கடிதம்தானே என்று பிரித்துப் படித்தேன். அவன் எழுதியதில் ஒரு திருத்தம். எனக்கு இரண்டு வரவில்லை, ஒன்றுதான் வந்தது. நீ அவனுக்கு எழுதிய யோசனையைத்தான் எனக்கும் போனில் சொன்னாயே, அதனால் மாடியிலிருந்து இறங்கும்போதே ஒரு மொச்சையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவனை ராஜாவாக்க இந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவனிடம் சொல்லிவிடாதே.