வெயிலின் பெருமையை வாங்கியவர்

நம்மூரில் ‘சீட்டுப் புண்ணியவான்’ என்றொரு இனம் உண்டு. எந்த நல்ல காரியத்தையும் தன் கையால் செய்யாது. செய்ததற்கான சான்று மட்டும் தன் பெயரில் இருக்க வேண்டும். ஜிம்முக்கு ஒரு வருடச் சந்தா கட்டிய அன்றே உடம்பு இளைத்துவிட்டதாக பெல்ட்டை இழுத்துப் பார்க்கும். கோயிலுக்குப் பணம் அனுப்பிப் பிரசாதம் தபாலில் வந்தால், வரிசையில் நின்று கால் கடுத்ததுபோல் முனகும். பார்த்திருக்கிறீர்கள்தானே?

பார்க்காதவர்கள் கலைவாணனைப் பாருங்கள். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனிக்கு மேலாளர். மூலக்குளத்தில் வீடு, ஆள் இரண்டு, ஏசி மூன்று. போன வருடம் அவர் கம்பெனி பசுமை மின் சான்றிதழ் வாங்கியது. குழம்ப வேண்டாம். தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், மீன் விற்கும் பெண்களின் குழு தங்கள் குளிர் அறைக் கூரையில் சோலார் பேனல் போட்டிருக்கிறது. மின்சாரம் அங்கேயே மீனைக் குளிர வைக்கிறது. வெயிலில் பிறந்த மின்சாரம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் ஒரு சீட்டாகக் கம்பெனிக்கு வந்துவிடும். அந்தச் சீட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் பெண்கள் இன்னும் பேனல் போடுவார்கள். நல்ல ஏற்பாடு. கலைவாணன் கையில் சிக்கும்வரை.

சீட்டு வந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. சட்டைப் பையில் பச்சை இலை பேட்ஜ், காகிதத்தை வீணாக்காதீர்கள் என்று ஆளுக்கொரு காகிதத்தில் அச்சிட்ட சுற்றறிக்கை, பதினெட்டு டிகிரி ஏசியில் கோட்டு மாட்டிக்கொண்டு பூமி சூடாவது பற்றி ஒரு மணி நேரப் பேச்சு. “நாம வெயில்ல ஓடுற கம்பெனி!” கம்பெனிக் கூரையில் வெயில் காய்ந்தவை புறாக்கள் மட்டுமே.

பிறகு ஒருநாள் ஒப்பந்தத்தைப் படித்துத் தொலைத்தார். பெருமையை விற்றவர் அதையே தாமும் சொல்லிக்கொள்ளக் கூடாதாம். கிளம்பிவிட்டார் குப்பத்துக்கு. குளிர் அறை வாசலில், மேல்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு போர்டு: ‘மேலே பாருங்கள்! எங்கள் மீன் வெயிலில் குளிர்கிறது.’

“இந்த போர்டு இருக்கக் கூடாதும்மா. பெருமை எங்களுது” என்றார், குழுத் தலைவி ஜெயசித்ராவிடம்.

“இன்னா சார் இது? வெயிலு எங்க கூரை மேலதான அடிக்குது?”

“அடிக்கட்டும். யார் கேட்டாலும் சோலார் இல்லைன்னுதான் சொல்லணும்.”

ஜெயசித்ரா ஏணியை எடுக்கப் போனார். அடுத்த மூன்று வருட ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அது வந்தால்தான் இரண்டாவது குளிர் அறை. வராவிட்டால், இடமில்லாமல் வெளியே கிடக்கும் மீனை வியாபாரி கேட்ட விலைக்கே தள்ள வேண்டும். போர்டை அவரே கழற்றி, கலைவாணன் காரில் ஏற்றிவிட்டார்.

“பெருமைய வாங்கிட்டீங்க. இதையும் எடுத்துனு போங்க.”

நம்மவர் விடுவாரா? ‘மீன்’ என்ற சொல்லை மட்டும் அழித்து ‘மூடி’ என்று எழுதிக் கம்பெனி வாசலில் மாட்டினார். எங்கள் மூடி வெயிலில் குளிர்கிறது!

அடுத்த வாரம், மூடி வாங்கும் கம்பெனியிலிருந்து மதாம் சுலோசனா வந்தார். புதுச்சேரியின் சாரம் பகுதியில் பிறந்து பிரான்சில் குடியேறியவர்; யாரையும் ‘சார்’ என்பதற்குப் பதில் ‘முசியே’ என்பார். போர்டைப் படித்தார். அம்பு காட்டிய பக்கம் அண்ணாந்து பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தண்ணீர்த் தொட்டி, புறாக்கள்.

“பேனல் எங்க முசியே?”

“அது... குப்பத்துல இருக்குங்க மதாம்.”

“அப்ப வாங்க, போய்ப் பார்த்துடலாம்.”

குளிர் அறை வாசலில் ஜெயசித்ரா மீன் கூடையோடு நின்றிருந்தார். தலைக்கு மேலே பேனல்கள் வரிசையாக மின்னின.

“இது சோலார்தானேம்மா?” என்று கேட்டார் மதாம்.

“இல்லீங்க.”

“மேல பளபளன்னு இருக்கே, அது?”

“எனக்குத் தெரியாதுங்க. சோலார் இல்லைன்னுதான் சொல்லச் சொல்லிருக்காரு சாரு.”

மதாம் திரும்பிப் பார்த்தார். கலைவாணனுக்குக் காது மடல் வரை சுட்டது. வெட்கம், வேறொன்றுமில்லை.

“சொல்லும்மா!” என்று கெஞ்சினார்.

“சொல்லலாமா சார்? அப்ப எழுதிக் குடுங்க.” பாலித்தீன் பையில் சுற்றிய ஒப்பந்தம் அதற்குள் வந்துவிட்டது. “இதுலயே எழுதுங்க. கீழ கையெழுத்து போடுற எடமும் காலியாத்தான் இருக்குது.”

மீன் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி, சொல்லலாம் என்று எழுதி, மூன்று வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டார் கலைவாணன். மையோடு செதிலும் ஒட்டியது.

“ஆமாங்க மதாம், சோலார்தான்” என்றார் ஜெயசித்ரா நிதானமாக.

மதாம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கூரை இவங்களுது, சீட்டு உங்களுது. ரெண்டையும் எழுதி இங்கயே மாட்டுங்க முசியே. உங்க கையால.”

மறுநாள் உச்சி வெயிலில் ஏணியில் ஏறினார் கலைவாணன். பெருமையை வாங்கி ஒரு வருடம் கழித்து, அந்த வெயில் அவர் மண்டையில் படுவது அன்றுதான் முதல்முறை. பாதியில் கால் இடறி, வலது முட்டி ஏணியில் மோதியது.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த முட்டி எனக்கு இன்னும் வலிக்கிறது.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் படித்து முடித்ததும் இதை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, உலகத்துக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட நிறைவில் ஏசியை இன்னும் ஒரு டிகிரி குளிராக்கக் கை போகிறதா? அப்படியானால் ஒரு தடவை குப்பத்துப் பக்கம் வாருங்கள். ஏணி அங்கேயேதான் சாய்ந்து நிற்கிறது.