கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் துப்பக் கூடாது

நிறையப் படிக்கிறவர்களிடம் குழந்தையை ஒப்படைக்கும் முன் பெற்றவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மற்றவர்கள் குழந்தை அழுதால் தூக்கிக்கொள்வார்கள். படிக்கிறவர்கள் அது ஏன் அழுகிறது என்று பார்க்க அலமாரியைத் திறப்பார்கள். நான் அலமாரி ரகம். விழுப்புரத்தில் அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில், எந்தக் குளம் எப்போது வெட்டியது, எந்தத் தெரு எப்போது பெயர் மாறியது என்று காலவரிசைப்படி எழுதி வைப்பவள். (யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.)

தம்பி சேகர் திண்டிவனத்தில் இருக்கிறான். அவன் மகள் பவித்ராவுக்கு அப்போது எட்டு வயது. பவிக்கு ஆட்டிசம். சத்தம், வாசனை, தொடுகை எல்லாமே நமக்கு வருவதைவிடப் பெரிதாக அவளுக்கு வந்து சேரும். சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் துணிச்சீட்டு அவளுக்கு முள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். பிரஷ்ஷைப் பார்த்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கட்டாயப்படுத்தினால் அலறுவாள். அந்த அலறலில் பிடிவாதம் கிடையாது. நிஜமான வலி.

கடைவாயில் சொத்தை விழுந்து, ஈறு வீங்கி, சாப்பாடு இறங்காமல் போனது. பல் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்க்கக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. "வீக்கத்துக்கு மருந்து எழுதியிருக்கேன். லீவு முடியறதுக்குள்ள பிரஷ் பழக்குங்க. இல்லேன்னா புதுச்சேரிக்குக் கூட்டிக்கினு போய் மயக்க மருந்து குடுத்துத்தான் பாக்கணும்" என்றார் அவர். மயக்க மருந்து என்றதும் என் தம்பி மனைவி கலா அங்கேயே அழுதுவிட்டாள்.

"லீவுக்கு என்கிட்ட அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அண்ணி, அவ என்கிட்டயே வாயத் தொறக்க மாட்டா."

"இதப் பத்தி நான் படிச்சிருக்கேன் கலா."

(நான் இந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு உருப்பட்ட காரியம் எதுவும் எங்கள் குடும்பத்தில் இல்லை.)

பவி வந்தாள். முதல் நாள் பேஸ்ட்டை நாக்கு நுனியில் வைத்துக் குதப்பிவிட்டு "காரம்" என்றாள். காரமில்லாத ஸ்ட்ராபெரி வாங்கினேன். "காரம்." ஆரஞ்சு. "காரம்." விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ், யானை படம் போட்ட பிரஷ் எல்லாம் வந்தன. பவி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் விடாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பங்குச்சியில் தொடங்கி பல்பொடி வழியாக பிரஷ் வரை மனிதகுலம் பல் விளக்கிய வரலாற்றை எடுத்துச் சொன்னேன். கரித்தூள் காலத்துக்கு வரும்போது அவள் தூங்கிவிட்டாள்.

பவிக்குப் பிடித்தது பஸ். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நிற்கும் ஊர்களை கண்டக்டர் மாதிரியே ஒப்பிப்பாள். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது அந்த ராகம் என் காதில் விழுந்தது. ஆகா என்று குதித்தேன். பிரஷ்தான் பஸ். பற்கள்தான் ஊர்கள். வலது கடைவாய் விழுப்புரம், இடது கடைவாய் திண்டிவனம், முன்பல் விக்கிரவாண்டி!

"பவி, பஸ் ஏறலாமா?"

கட்டிலுக்கடியிலிருந்து தலை நீண்டது. "அத்தை வாயில ஓடட்டும்."

ஓடியது. அவள் ஊர் பெயர் சொல்லச் சொல்ல நான் என் பல்லைத் தேய்த்தேன். பஸ் நிற்கும்போதுதான் துப்பலாம், ஓடும்போது துப்பக் கூடாது என்பது பவி போட்ட சட்டம். முதலில் பார்ப்பார்கள், பிறகு செய்வார்கள் என்று படித்திருந்ததால், மிச்ச லீவு முழுக்க நாளுக்கு நாலு தடவை பஸ் ஓட்டினேன். என் பல் பளிங்கு மாதிரி ஆனது. அவள் பல் அப்படியே இருந்தது. கலாவிடம் மட்டும் போனில், "பஸ் கெளம்பிடுச்சு!" என்று பெருமையடித்தேன்.

லீவு முடிந்தது. அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் டாக்டரிடம் போக வேண்டும். காலையில் பிரஷ்ஷை நீட்டினேன். "இன்னைக்கு உன் வாயில ஓட்டலாமா கண்ணு?"

பவி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க பஸ் இல்ல."

அவள் சொன்னது சரிதானே? பஸ் பஸ்ஸில்தான் இருக்கும். இந்தக் கூர்மையான வாதத்துக்கு மயங்கி என் பிரஷ், அவளுடைய யானை பிரஷ், பேஸ்ட், தண்ணீர் பாட்டில், துப்புவதற்கு ஒரு கவர் எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். புத்தியுள்ள எவளும் செய்ய மாட்டாள்.

முகூர்த்த நாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே இரண்டு சீட் கிடைத்தது. "அத்தை, விழுப்புரம்" என்றாள் பவி. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு தேய்த்தேன். வண்டி கிளம்பும் முன் கவரில் துப்பினேன். முண்டியம்பாக்கம் நல்லபடியாகப் போனது. விக்கிரவாண்டியில் பேஸ்ட்டைக் கொஞ்சம் தாராளமாகப் பிதுக்கிவிட்டேன். நான் துப்பும் முன் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அப்புறம் சுங்கச்சாவடி நெரிசலில் பஸ் நின்றது. ஆசையோடு கவரைப் பிரித்தேன்.

"இது ஸ்டாப் இல்ல" என்றாள் பவி. "கூட்டேரிப்பட்டுல துப்பு."

பஸ் மறுபடி நகர்ந்தது. வாய்க்குள் நுரை பெருகிக்கொண்டே போனது. கன்னம் இரண்டும் பூரி. அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்தார். "யம்மா, நீங்க எங்க போறீங்க?"

"ம்ம்" என்றேன்.

"எங்கம்மா? வாயத் தொறந்து சொல்லுங்க."

திறந்தேன்.

பக்கத்து சீட்டு அம்மா போட்ட கூச்சலில் டிரைவரே பிரேக் போட்டுவிட்டார். "ஐயையோ, வலிப்பு! நுரை தள்ளிக்கினு இருக்குது! யாராச்சும் சாவி குடுங்க, ஜல்தி!"

வலிப்புக்கு இரும்பு பிடித்தால் சரியாகும் என்பது உண்மையல்ல. இதைப் பற்றியும் நான் விரிவாகப் படித்திருக்கிறேன். சொல்லத்தான் வாய் இல்லை. பீரோ சாவி, பைக் சாவி, சைக்கிள் சாவி எல்லாம் என் உள்ளங்கையில் திணிக்கப்பட்டன. இல்லை, இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினேன்.

"பாருங்க, தலைய வெட்டி வெட்டி இழுக்குது!"

"சாவி பத்தாதுண்ணே!" என்று பின்சீட்டில் ஒரு குரல். டிரைவர் ஜாக்கி ராடோடு வந்துவிட்டார்.

ராடு எனக்குப் பெரிதாகப்படவில்லை. பவியைத்தான் பார்த்தேன். இத்தனை கூச்சல், இத்தனை கை. அவள் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். இவள் இனி பிரஷ்ஷைத் திரும்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை. நானே என் கையால் இவளை மயக்க மருந்துக்கு அனுப்பிவிட்டேன் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. ("கண்ணு வேற சொருவுதுடி" என்றது பக்கத்து சீட்டு.)

பவி ஆடுவதை நிறுத்தினாள். என் தாடையில் வழிவதையே உற்றுப் பார்த்தாள்.

"வலிப்பு இல்ல" என்றாள் சத்தமாக. "நுரை. நுரை காரம்."

நீட்டிய சாவிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

"அத்தை, துப்பு."

அது ஸ்டாப் இல்லை. கூட்டேரிப்பட்டு இன்னும் வரவே இல்லை. எனக்காகத் தன் சட்டத்தையே தளர்த்தியிருக்கிறாள். கவர் நிறையத் துப்பினேன். அவள் என் கைப்பையைக் கிளறி, பிரித்துக்கூடப் பார்க்காத யானை பிரஷ்ஷை எடுத்தாள். பாட்டில் தண்ணீரில் நனைத்தாள். பேஸ்ட்டை நீட்டப்போன என் கையைத் தள்ளிவிட்டாள். வெறும் பிரஷ்ஷை மெதுவாக வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்டக்டரைப் பார்த்தாள்.

"ரைட் சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். ராடோடு நின்ற டிரைவரைப் பார்த்தார். "போலாம் ரைட்!" என்று விசிலடித்தார். கூட்டேரிப்பட்டு என்று அவர் குரல் கொடுத்தபோது பிரஷ் முன்பல்லைத் தாண்டியது. ஜக்காம்பேட்டையில் கொஞ்சம் நின்று யோசித்தது. திண்டிவனத்தில் இடது கடைவாய்க்கு வந்து சேர்ந்தது. சொத்தைப் பல் இருந்த இடம். முகூர்த்தக் கூட்டம் கை தட்டப் போனது. பக்கத்து சீட்டு அம்மா, "சத்தம் போடாதீங்கய்யா, கொழந்தை பல்லு வெளக்குது" என்று அதட்டி அடக்கினாள்.

சாயங்காலம் டாக்டரிடம் ஊர் பெயர்களை நான் சொல்லச் சொல்ல, பவி வாயைத் திறந்துகொண்டிருந்தாள். "மயக்க மருந்து வேணாம், இங்கயே அடைச்சிடலாம். இப்போதைக்குத் தண்ணியே போதும். நுரைக்காத, வாசனையில்லாத பேஸ்ட் இருக்கு, அப்புறம் பழக்கலாம்" என்றார் அவர். கலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ருசியில தப்பு இல்ல கலா, நுரையிலதான். இத எப்படிக் கண்டுபிடிச்சேன்னா..." என்று நான் ஆரம்பித்தேன்.

சேகர் என்னை முடிக்க விடவில்லை. தன் பைக் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். (பஸ் ஸ்டாண்டுக்கு எங்களை அழைக்க வந்தவனிடம் கண்டக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார்.)

அன்றிலிருந்து நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் வீட்டில் யாராவது ஒரு சாவியை நீட்டுகிறார்கள். போன மாதம் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்தில், அந்த ஊர் சந்தையின் வரலாற்றை மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்ட பவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரிடமோ கேட்டு வாங்கிய மண்டபத்துச் சாவிக்கொத்தை முழுசாக என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அத்தை, ஸ்டாப் வந்துடுச்சு. எறங்கு."

இறங்கினேன்.