முப்பத்தெட்டு முதல் வகுப்புகள்

கடித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் போடிநாயக்கனூரில், எங்கள் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறார். ஊர் முழுக்க அவருக்கு சாம்பிள் அண்ணே என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால், அவர் குடியிருக்கும் தெருவிலேயே வீடு காட்ட ஆள் கிடையாது.

தொழிலால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஏலக்காய் வியாபாரத்தில் மூட்டையைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளித் தட்டில் போடுவார்கள். அதுதான் சாம்பிள். அந்தக் காயை உள்ளங்கையில் உருட்டி, நகத்தால் பிளந்து, நாங்கள் அரிசி என்று சொல்லும் உள்விதையை வாயில் போட்டு, இது எந்தச் சரிவில் விளைந்தது, எப்போது பறித்தது, நன்றாக உலர்ந்ததா என்று சொல்வது அண்ணனின் வேலை. முப்பது வருஷமாக, ஜன்னலோரம் அதே மேஜையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றுவரை தப்பியதில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பழக்கத்தைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. குடை வாங்கப் போனால் அதைக் குழாயடியில் விரித்துப் பிடித்து ஐந்து நிமிஷம் நிற்பார். மதுரை பஸ்ஸில் ஏறி மூன்று சீட்டுகளில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது தோதுப்படல, அடுத்த பஸ்சு வரட்டும்" என்று இறங்கிவிடுவார். மகளுக்கு வரன் பார்த்தபோது, பையனை ஒரு வாரம் எங்கள் கடைக்கு அனுப்பி வைக்கும்படி சம்பந்தி வீட்டாரிடம் கூசாமல் கேட்டார். பையனும் வந்தான், மூட்டை தூக்கினான், தேறினான். இன்றைக்கும் ஏலக்காய் வாசனை பட்டால் மருமகன் இடுப்பைப் பிடித்துக்கொள்வதாக மகள் சொல்கிறாள்.

இப்படிப்பட்டவருடைய தலையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் இடி விழுந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் அந்தக் கடையில் கடிதம், ஈமெயில் எழுதுகிறவன். கடையின் இங்கிலீஷ் மொத்தமும் என் ஒருவனிடம்தான் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"வெளிநாட்டுப் பார்ட்டிக எல்லாம் இனிமே தட்ட வீடியோவுல நேராப் பாக்கணும்ங்கிறாங்க" என்றார் முதலாளி. "காயக் காட்டுறவரே இங்கிலீஷ்ல பேசணுமாம். அண்ணே, உங்களுக்கு அது வராது. சீசன் தொடங்குனதும் தம்பி அந்த மேசைக்கு வரட்டும். நீங்க பின்னால குடோனப் பாத்துக்கங்க."

தம்பி என்றது என்னை. அண்ணே விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

"சீசனுக்கு எம்புட்டு நாள் இருக்கு மொதலாளி?"

"மூணு மாசம் இருக்கும்."

"போதும். அதுக்குள்ள நான் படிச்சுருவேன்."

முதலாளி சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். நான் அந்தப் பாடும் படவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த மேஜை மேல் பல வருஷமாக ஒரு கண் உண்டு. காற்றோட்டமான இடம். வருகிறவர்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் வணக்கம் சொல்வார்கள். எனக்கு ஏலக்காயில் நல்லது கெட்டது தெரியாது என்பதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

மறுநாள் மதியம் அண்ணே செல்போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஆன்லைனில் ஆங்கிலம் கற்றுத் தருகிறோம், முதல் வகுப்பு இலவசம் என்று ஒரு விளம்பரம்.

"பாத்தியா மாப்ளே, சாம்பிள் குடுக்குறான். நல்ல யாவாரி."

சாப்பாட்டு நேரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து, போனைத் தூணில் சாய்த்து வைத்து, அந்த முதல் வகுப்பை முடித்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுக்குற புள்ள தங்கமான புள்ளதான். ஆனா பேச்சுல இன்னும் ஈரம் காயல. வேற எடம் பாப்போம்."

அடுத்த நாள் வேறு கம்பெனி. அந்த வாத்தியார் மேலுக்குப் பச்சையாக இருக்கிறார், உள்ளே அரிசி இல்லை என்று தள்ளிவிட்டார். அதற்கடுத்த அம்மாள் தரமானவர், ஆனால் சத்தம் போதவில்லை. இப்படியே இரண்டு வாரம் ஓடியது. நான் பொறுக்க முடியாமல், "ஏதாவது ஒண்ணுல சேந்து தொலைங்கண்ணே" என்றேன்.

"நாலு தட்டு பாக்காம எவனாச்சும் மூட்டைய எறக்குவானா? உனக்கு இந்தத் தொழில் வெளங்காது மாப்ளே."

அதே கம்பெனியில் வேறு வாத்தியாரைப் பார்க்கக் கேட்டால், ஒரு நம்பருக்கு ஒரு இலவச வகுப்புதான் என்று சில கம்பெனிகள் கறாராகச் சொன்னபோது அண்ணே தளரவில்லை. கடையில் காய் பொறுக்கும் பெண்கள், லோடுமேன்கள், எதிர்க் கடை டீ மாஸ்டர் என்று ஒருவர் விடாமல் செல்போனைக் கடன் வாங்கினார். "ஆத்தா, செல்லக் கொண்டா. அரை மணி சோலிதான்" என்பார். காய் பொறுக்கும் பாண்டியம்மாள் போனில் அவர் உட்கார்ந்த அன்று, திரையில் வந்த டீச்சர், "ஹலோ பாண்டியம்மாள்" என்று சிரித்தபடி தொடங்கி, எதிரே முறுக்கு மீசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அண்ணே பதறவே இல்லை. வகுப்பு முடியும்வரை பாண்டியம்மாளாகவே பதில் சொன்னார். கணவர் பெயரைக் கேட்டபோது மட்டும் பாண்டியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பின் எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாக இல்லை. இலவச வகுப்பு எடுத்தீர்களே, எப்போது சேரப் போகிறீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் போன் அடித்தார்கள். டீ மாஸ்டர் போனைத் தோளில் இடுக்கி, பாலை ஆற்றிக்கொண்டே, "நான் இங்கிலீஷ் படிக்கலீங்க, படிக்கிறவரு சாப்பிடப் போயிருக்காரு" என்று நாளுக்கு நாலு தடவை விளக்க வேண்டியிருந்தது.

மூன்று மாதத்தில் அண்ணே முப்பத்தெட்டு வகுப்புகளை எடுத்து முடித்தார். அத்தனையும் முதல் வகுப்பு. முதல் வகுப்பு எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கும்போலிருக்கிறது. உன் பெயரைச் சொல், ஊரைச் சொல், குடும்பத்தில் எத்தனை பேர், பொழுதுபோக்கு என்ன. பிறகு உன் நண்பர் ஒருவரைப் பற்றி நாலு வரி சொல். உயரமா குட்டையா, என்ன நிறம், எப்படிப்பட்டவர். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டுமானால் சேர வேண்டும். அண்ணேதான் சேர மாட்டாரே.

நண்பரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் சொன்னார். "மை ஃப்ரெண்ட் ஈஸ் ஷார்ட். ஹி ஈஸ் வெரி ஆங்ரி." நான் குட்டை என்பதும் கோபக்காரன் என்பதும் இந்தியா முழுவதும் முப்பத்தெட்டு ஆசிரியர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

வாரம் ஒரு நாள் அவர் சாம்பிள் எடுக்க மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு, தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் போவார். அங்கேயும் விடவில்லை. வளைவுக்கு வளைவு ஜீப் சாய, தொங்கிக்கொண்டே எல்லாரிடமும் பெயரையும் ஊரையும் இங்கிலீஷில் கேட்டார். ஒரு மாதத்தில் மொத்த ஜீப்பும் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. "ஐ ஆம் பேச்சி. மை நேட்டிவ் பிளேஸ் ஈஸ் ராசிங்காபுரம்" என்று ஒரு பெண் சோற்றுத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு கணீரென்று சொன்னதாக டிரைவர் என்னிடம் வந்து சொன்னார். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

சீசன் வந்தது. முதல் வீடியோவுக்கு முந்தின நாள் நான் முதலாளியிடம் தனியாகப் போய், "அண்ணனுக்கு மொத பாடத்தத் தாண்டி ஒண்ணும் தெரியாது. பார்ட்டி முன்னால மானம் போயிரும்" என்று சொன்னேன். கடையின் நன்மைக்காகச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். முதலாளி யோசித்துவிட்டு, "ரெண்டு பேரும் உக்காருங்க. அவரு தடுமாறுனா நீங்க நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டுப் பேசுங்க. அன்னையிலருந்து மேசை உங்களுது" என்றார். நான் மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மேஜையில் மூன்று தட்டுகள் இருந்தன. முதலில் பெருங்காய், அடுத்து சின்னக் காய். மூன்றாவது, போன வருஷத்து இருப்பு. விற்றால் விற்கட்டும் என்று முதலாளி அதையும் ஓரமாக வைத்திருந்தார். திரையில் வந்தவர் கடல் தாண்டி ஒரு ஊரில் மசாலா வியாபாரம் செய்கிறவர். கண்ணாடி போட்ட, சிரிப்பே வராத முகம். அண்ணே தன் பெயர், ஊர், குடும்பம், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் தங்குதடையில்லாமல் சொன்னார். திரையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, காயைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணே தடுமாறித் தட்டையே பார்த்தார். பொறுக்குகிற பெண்கள் கதவோரம் வந்து நின்றார்கள். முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் நாற்காலியில் கை வைத்தேன்.

அப்போது அண்ணே தட்டிலிருந்து ஒரு காயை இரண்டு விரலால் எடுத்து, கேமராவுக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார்.

"திஸ் ஈஸ் மை ஃப்ரெண்ட்" என்றார். "ஹிஸ் நேட்டிவ் பிளேஸ் ஈஸ் போடிமெட்டு. ஹிஸ் ஹைட் ஈஸ் எயிட் எம்எம். ஹிஸ் கலர் ஈஸ் கிரீன். ஹி ஹேஸ் டென் தவுசண்ட் பிரதர்ஸ். ஆல் சேம் ஹைட்."

திரையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணே காயை நகத்தால் பிளந்து, உள்ளே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு அரிசியைக் காட்டினார்.

"திஸ் ஈஸ் ஹிஸ் ஃபேமிலி. ட்வெண்டி மெம்பர்ஸ். ஜாயிண்ட் ஃபேமிலி. வெரி குட் ஸ்மெல்."

இரண்டாவது தட்டுக்குப் போனார். இவன் தம்பி, உயரம் ஆறு எம்எம், நல்ல பையன், பொழுதுபோக்கு டீ என்றார். முதல் தட்டில் இருக்கும் பெரியவனுடைய பொழுதுபோக்கு பிரியாணி என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். அந்த மனிதர் முகத்தில் ஏதோ அசைந்தது. பிறகு அவர் வேகமாக, நீளமாக ஒரு கேள்வி கேட்டார். முப்பத்தெட்டு முதல் வகுப்புகளில் எதிலும் அந்தக் கேள்வி கிடையாது.

அண்ணே என் பக்கம் திரும்பினார். முதலாளியும் என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஏன் இழுக்கவில்லை என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். அண்ணன் முகத்தில் பயம் இருந்தது. அவருக்குப் பயப்படத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"போன வருசக் காய் கலந்திருக்கான்னு கேக்குறாருண்ணே. முன்னால யாரோ கலந்து ஏமாத்திட்டாங்களாம்."

அண்ணே மறுயோசனை இல்லாமல் மூன்றாவது தட்டில் கை விட்டு, வெளிறிய காய் ஒன்றை எடுத்து உயர்த்தினார்.

"திஸ் ஈஸ் ஓல்டு மேன். லாஸ்ட் இயர். நோ ஸ்மெல். ஹிஸ் ஃபேமிலி ஸ்லீப்பிங். யூ டோண்ட் டேக்." பிறகு முதல் இரண்டு தட்டுகளையும் தொட்டார். "ஹியர், நோ ஓல்டு மேன். ஐ ப்ராமிஸ்."

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திரையில் அந்தச் சிரிக்காத மனிதர் தோள் குலுங்கச் சிரித்தார், யாரையோ கூப்பிட்டு அந்த ஓல்டு மேனைக் காட்டினார், மறுபடியும் சிரித்தார். முதல் இரண்டு தட்டுச் சரக்கு முழுவதையும் அனுப்பச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். அதை மொழிபெயர்க்கும்படி முதலாளி என்னைக் கேட்டார். இனிமேல் இவர் காட்டுகிற காயைத்தான் வாங்குவேன், இவர் இல்லாவிட்டால் எனக்கு இந்தக் கடை வேண்டாம் என்று அவர் சொன்னதை, நான் புதுச் சட்டையோடு என் வாயாலேயே எல்லாருக்கும் தமிழில் சொன்னேன்.

கதவோரம் நின்றவர்கள் கைதட்டியது எதிர் டீக்கடைக்குக் கேட்டது. போன் கொடுத்த ஒவ்வொருவரும் பங்கு கேட்டு வந்துவிட்டார்கள். ஜாயிண்ட் ஃபேமிலி தன் செல்லில் படித்தது என்று பாண்டியம்மாள் சொல்ல, "அது என் நம்பருல படிச்சது, ஒன்னோடது வெறும் ஹைட்டுதான்" என்று லோடுமேன் ஒருவர் சண்டைக்குப் போனார். முதலாளி எழுந்து வந்து, "அண்ணே, அந்த எடத்த விட்டு நீங்க அசையக் கூடாது" என்று சொல்லி, மூன்றாவது தட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கூட்டம் கலைந்தபின் அண்ணே இரண்டு டீயோடு என்னிடம் வந்தார்.

"நேத்து நீ மொதலாளிகிட்டச் சொன்னது எனக்குத் தெரியும் மாப்ளே."

நான் ஒரு டீயைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"இன்னைக்கு நீ காதுல சொன்னதும் எனக்குத் தெரியும். நாளைலருந்து நாற்காலிய என் பக்கத்துலயே போட்டுக்க."

இரண்டு வருஷமாகப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஆறு நாட்டுக்காரர்கள் அண்ணனைக் கேட்டு வருகிறார்கள். அவர் இன்னும் முதல் பாடத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் பாடத்தை நானே சொல்லிக் கொடுத்துவிடலாம், ஒரு வாரம் போதும். நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கேள்வி புரியாதபோதெல்லாம் அவர் சட்டென்று என் பக்கம் திரும்புகிறார். அவர் அப்படித் திரும்புவதை இழக்க எனக்கு மனசில்லை.