வீட்டுக்கே ஊற்றிய அறுபதாயிரம்

அன்புள்ள மஹ்ஜபீன் அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் கண்ணை மூடினாள். ஜம்முவில் எல்லோரும் சுகம்தானே? ஸ்ரீநகரில் பனி விட்டபாடில்லை, ஆனாலும் நாங்கள் நலம். அதற்கு முழுக் காரணம் உங்கள் அம்மா, என் அத்தைதான்.

நான் மாசமாக இருந்தபோது இடுப்பும் காலும் கழன்று விழுகிற மாதிரி வலித்ததும், வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது, பிள்ளையின் எலும்புக்கு ஆகாது என்று டாக்டரம்மா எச்சரித்ததும் உங்களுக்குத் தெரியும். வாரம் ஒரு பொட்டலம், பாலில் கலக்கிக் குடிக்கச் சொன்னார். பொட்டலத்தின் மேல் அறுபதாயிரம் யூனிட் என்று போட்டிருந்ததை அத்தை பார்த்துவிட்டார். "அறுபதாயிரமா? ஒத்த உசுரு எப்படிம்மா தாங்கும்? யானைக்கு எழுதினதை உனக்குக் குடுத்துட்டாளா?" நமக்குத்தான் கல்யாண விருந்தென்றால் ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தாக வேண்டுமே, மருந்தையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் பெரிய பாத்திரத்துப் பாலில் கொட்டி வீட்டுக்கே ஊற்றியிருக்கிறார். எனக்குத் துணையாக எல்லோரும் பால் குடிக்கிறார்களே என்று நான் நெகிழ்ந்துபோயிருந்தேன். அடுத்த பரிசோதனையில் அளவு இம்மியும் ஏறவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால் மாமா, "அது என்ன பாலோ போ, எனக்கு முட்டி வலியே போயிடுச்சு!" என்கிறார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை பாத்திரத்தைப் பார்த்தார்.

ஆனால் அண்ணி, அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பெற்ற தாய்கூடச் செய்யமாட்டாள். உறைபனியில் வழுக்கி வழுக்கி நடந்து தானே மருந்து வாங்கி வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை மேலங்கிக்குள் குளிர்காயும் நெருப்புச் சட்டியோடு எதிரே காவல். மாமா எட்டிப் பார்த்தால், "உங்க முட்டியா புள்ள பெறப்போகுது? போங்க அந்தப் பக்கம்!" குழந்தை நல்ல எடையோடு பிறந்தாள், எலும்பெல்லாம் கெட்டி. நேரில் நன்றி சொல்லப்போனால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அல்லாஹ் அவருக்கு நிறைந்த ஆயுளைத் தரட்டும். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

உங்கள்
நுஸ்ரத்

பின்குறிப்பு: நல்லதை முதலில் எழுதிவிடலாமே என்றுதான் இதைத் தள்ளிப்போட்டேன். குழந்தைக்கும் இன்று டாக்டர் அதே மருந்தைச் சொட்டாக எழுதிக் கொடுத்திருக்கிறார், நாளுக்கு நானூறு யூனிட். "வெறும் நானூறா? பொண்ணுன்னதும் அந்த டாக்டருக்குக் கை சுருங்கிடுச்சா? என் பேத்திக்கு நான் குறை வைக்கமாட்டேன்" என்று அத்தை சொட்டுக் குழாயை ஒதுக்கிவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்திருக்கிறார். கூடினாலும் ஆபத்து என்றேன். "குறைச்சுக் குடுத்துப் பட்டது போதாதா?" என்கிறார். இவ்வளவு செய்தவரிடம் எப்படி மல்லுக்கு நிற்பேன்? புட்டி இப்போது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. உங்களிடம் ஃபோனில் சொன்னால் ஸ்பீக்கரில் வீடே கேட்கும். நீங்கள் சொன்னால் மட்டும்தான் அவர் கேட்பார். சீக்கிரம் பதில் போடுங்கள்.