மூன்றாவது நிமிடம்

மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் மண்டி போட்டு, சுருட்டிக் கட்டிய மெத்தையின் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தார். யின் யோகாவில் இதற்குக் குழந்தை ஆசனம் என்று பெயர். ஐம்பத்தெட்டு வயதுக் குழந்தை. ஒரு நிலையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் அசையக் கூடாது, அவ்வளவுதான் வித்தை. இடுப்புப் பிடிப்புக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் இது. சொல்லிக்கொடுக்க வேண்டிய மனைவி குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கைப்பட எழுதிய தாள் மட்டும் சுவரில் இருந்தது. "ஐந்து நிமிடம். அவசரம் வேண்டாம். லிஃப்ட் எங்கேயும் ஓடிப்போகாது."

பதினைந்து வருஷமாக அவள் கூப்பிட்டும் ஒரு நாள்கூட அவர் உட்கார்ந்ததில்லை. இப்போது தினமும் உட்காருகிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன் அடித்தது. மகள். வீடியோவில் முகம் பார்க்காமல் விடமாட்டாள்.

"அப்பா, கண்ணு ஏன் செவந்திருக்கு? அழுதீங்களா?"

"நானா? வசந்தம் ஆரம்பிச்சாச்சுல்ல. பின்சந்து மரம் பூத்திருக்கும், அந்த மகரந்தம் காத்துல வருது. உங்கம்மா வருஷா வருஷம் தும்மித் தீர்ப்பாளே, மறந்துட்டியா?"

"நெஜமா?"

"மரத்த வெட்டச் சொல்லி எத்தனை மனு எழுதிப் போட்டா. மரம் அசைஞ்சுதா?"

மகள் நம்பவில்லை. "தனியா உக்காந்து அழறதா இருந்தா சொல்லிடுங்க. வந்து கூட்டிட்டுப் போயிடறேன். வீட்டக் காலி பண்ணிடலாம்."

அவருக்குப் பயமே அதுதான். மனைவி இல்லாத வீடுதான். ஆனால் அவள் இருந்த வீடு உலகத்தில் இது ஒன்றுதான். இதையும் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் போன அன்றுகூட எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினாரே தவிர ஒரு சொட்டு விடவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்டவர் இப்போதா அழப்போகிறார்? குற்றவாளி மரம்தான்.

எட்டிப் பார்த்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஆனால் பின்சந்தைப் பார்த்த ஜன்னலின் திரையை அவர் மூன்று மாதமாக விலக்கவில்லை. விலக்கினால் காலை வெயில் அவள் உட்காரும் இடத்தில் வந்து விழும். அங்கே ஆள் இருக்காது.

மருந்துக்கடைக்குப் போனார்.

"தும்மல் உண்டா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல."

"மூக்கு அரிப்பு?"

"அதுவும் இல்ல. கண்ணுல மட்டும் கொட்டுது. காலைல, மெத்தைல முகம் வெச்ச மூணாவது நிமிஷம்."

"சிலருக்குக் கண்ணுல மட்டும் காட்டும் சார். சீசன். இன்னைக்கு மட்டும் பத்துப் பேர் வந்துட்டாங்க. இந்த மாத்திரை ஒண்ணு போடுங்க."

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ஆசனத்தில் கவிழ்ந்தார். ஐந்து நிமிட ஆசனம் இரண்டரை மணி நேரம் நீடித்தது. போன் பதினோரு முறை அடித்து ஓய்ந்தது. பதறிய மகள் மாடிவீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா தட்டிய தட்டில் கதவு கையோடு வராததுதான் பாக்கி. விழித்துக்கொண்டவருக்கு இரண்டு காலும் தன்னுடையவையாக இல்லை. தவழ்ந்தே போய்க் கதவைத் திறந்தார். தையல்காரம்மா அவர் முகத்தை ஆள் உயரத்தில் தேடிவிட்டுப் பிறகு குனிந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. யோகா," என்றார் தரையிலிருந்து.

அவள் போனில் மகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "நல்லாத்தான் இருக்கார். தவழ்றார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. இனி மாத்திரை வேண்டாம், மகரந்தத்தையே உள்ளே விடக் கூடாது என்று முடிவு செய்தார். பரணில், மகள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் படித்தபோது வாங்கிய கண்ணாடி கிடந்தது. அதன் ரப்பர் பட்டையை இழுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். மூக்குக்கு முகக்கவசம். திரைக்குள் கையை விட்டுத் தடவி ஜன்னலையும் சாத்தினார். இனி மகரந்தம் வருவதானால் காலிங்பெல் அடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

முதல் இரண்டு நிமிடம் சுகமாகப் போயிற்று. மனைவி தலை வைத்து வைத்து மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவர் முகம் அதில் சரியாக உட்கார்ந்தது. எதையும் நினைக்காமல் மூச்சை மட்டும் கவனி என்பாள். அவர் மூச்சைக் கவனித்தார். மெத்தையில் அவளுடைய தலையெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

போன் அடித்தது. அவசரத்தில் கண்ணாடியைக் கழற்றாமலே எடுத்துவிட்டார்.

மகள் போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அது எதுக்குப்பா?"

"மகரந்தம் கண்ணுக்குள்ள போகாம இருக்க."

"சரி. உள்ள பாதி வரைக்கும் தண்ணி நிக்குதே, அது எப்படிப் போச்சு?"

முப்பது வருஷமாக, எந்த லிஃப்ட் நின்றாலும் உடனே காரணம் சொன்ன வாய் அது. அன்று அவர் போனை மெத்தையின் மேல் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலமே மகள் காலிப் பெட்டியோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிய கையோடு பீரோவைத் திறந்து அவர் சட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அம்மா இல்லாம உங்களால முடியல. அத ஒத்துக்குங்கப்பா."

"முடியுதும்மா. அந்த மரம்தான் பிரச்சினை," என்றார் அவர். அடுக்கிய சட்டையை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தார். "அது மட்டும் இல்லேன்னா ஒரு சொட்டு வராது. வந்துச்சுன்னா நானே இந்தப் பெட்டியத் தூக்கிட்டு உன் பின்னாடி வரேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறமாட்டேன்."

வாட்ச்மேனைக் கூப்பிட்டனுப்பினார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"பின்சந்து மரத்த நாளைக்கே வெட்ட ஏற்பாடு பண்ணுப்பா. கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது," என்றார் மெக்கானிக், மகளுக்கும் கேட்கும்படி.

வாட்ச்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த மரம் சார்? அம்மா எழுதிக் குடுத்த மனுவ வெச்சு, அவங்க போன மறுவாரமே அத வெட்டியாச்சே."