நடுவரின் இடதுகால் செருப்பு

பந்தைக் காலால் தொட்டவர்கள் கால்பந்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, மூச்சு வாங்கும். அரசியலில் இருப்பவர்கள் அரசியலைப் பற்றி மனம் திறப்பதில்லை, பதவி போகும். ஆகவே இந்த இரண்டையும் உலகத்துக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு, இரண்டோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத என்னைப் போன்றவர்கள் தலையில் விழுந்துவிடுகிறது. நான் அந்தப் பாரத்தை ஆரணி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரின் மூலை நாற்காலியில் உட்கார்ந்து சுமந்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். பி.காம். முடித்துவிட்டு, வேலை என்னைத் தேடி வரும் என்று காத்திருந்த காலம். தமிழ்நாட்டில் தட்டச்சு தெரிந்த எல்லோரும் வலைப்பூ வைத்திருந்தார்கள். என் வலைப்பூவின் பெயர் ‘நடுவர்’. என் புனைபெயரும் அதுவே. ஒரு நாள் கால்பந்து, மறுநாள் அரசியல். தவறு செய்யும் அமைச்சர்களுக்கு மஞ்சள் அட்டை காட்டுவேன். ரொம்பத் தவறு செய்தால் சிவப்பு. (அவர்களில் ஒருவர்கூட மைதானத்தை விட்டு வெளியேறவில்லை என்பது வேறு விஷயம்.)

வீடு மாறுகிறவர்களைப் போல நான் தளம் மாறிக்கொண்டே இருந்தேன். முதல் தளத்தில் என் தமிழ் பாதிப்பேருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. (மீதிப்பேர், கட்டமே தேவலாம் என்றார்கள்.) இரண்டாவதில் பின்னணி முழுக்க ரோஜாப்பூ; அதன்மேல் ஊழலைக் கண்டித்து எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. மூன்றாவதுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் ‘புதுமனை புகுவிழா’ என்று ஒரு பதிவு போட்டு, பழைய வீட்டின் கடவுச்சொல்லை மறந்துவிடுவேன். இதை நினைவில் வையுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

என் கால்பந்து வாழ்க்கை ஒரு பின்னூட்டத்தில் தொடங்கியது. வேலூரிலிருந்து ‘கோல்போஸ்ட்’ என்ற பெயரில் எழுதுகிறவர், “நீங்க ஆடியிருக்கீங்களா நடுவரே?” என்று கேட்டார். “ஒரு காலத்தில்...” என்று மூன்று புள்ளி வைத்தேன். அந்த மூன்று புள்ளிதான் என்னைக் கவிழ்த்தது. அடுத்த பதிவில் நான் கல்லூரி அணியில் இடதுகால் ஆட்டக்காரன். அதற்கடுத்ததில் முழங்காலில் அடிபட்டு, கண்ணீரோடு விடைபெற்ற வீரன். பின்னூட்டம் ஏற ஏற என் ஆட்டமும் முன்னேறியது. ஃப்ரீ கிக்கில் பந்தைக் காற்றில் வளைப்பது எப்படி என்று தொடர் பதிவே எழுதினேன். நிஜத்தில் நான் பந்தாட்டம் பார்த்ததெல்லாம் டீக்கடை டிவியில், அதுவும் கரண்ட் இருக்கும்போது.

வீரனுக்கு மைதானம் வேண்டுமே? எங்கள் தெருவை எடுத்துக்கொண்டேன். ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் காலை வேளையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்து, இரண்டு முனையிலும் மூங்கில் நட்டுக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். அந்த நேரத்தில் சைக்கிள்காரன் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவான். பாவின்மேல் மூச்சு விடவே யோசிப்பார்கள். இதையெல்லாம் நான் ‘நீளமான கோடும், இரு முனையிலும் மூங்கில் கம்பங்களும் கொண்ட, புல் இல்லாத எங்கள் மைதானம்’ என்று எழுதியிருந்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ‘மைதானம்’ என்பதைத் தவிர.

இந்தச் சமயத்தில் அரசியலில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வார்டு கவுன்சிலர் ஏகாம்பரத்துக்குச் சிவப்பு அட்டை கொடுத்தேன். தெரு முழுக்கச் சாக்கடை திறந்து கிடக்க, அவர் வீட்டு வாசலில் மட்டும் சிமென்ட் பலகை மின்னுவதைப் பற்றிய உணர்ச்சிகரமான பதிவு அது. ஒரே ஒரு சிக்கல், கவுன்சிலர்தான் என் அப்பாவுக்கு முதலாளி. தறி எங்களுடையது, பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார், அப்பா நெய்து கொடுப்பார். அவர் முகம் திருப்பினால் எங்கள் வீட்டுத் தறி சும்மா நிற்கும். ஆனாலும் எனக்குப் பயமில்லை. கவுன்சிலரைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் என்பது ரயில் டிக்கெட் எடுக்கிற சாமான்.

அந்தத் தைரியத்தில் ‘ஆரணியில் பதிவர் சந்திப்பு, அனைவரும் வருக’ என்று ஒரு அறிவிப்பு விட்டேன். சென்னையில் நடத்துகிறார்கள், மதுரையில் நடத்துகிறார்கள், நமக்கென்ன குறைச்சல்? யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் திட்டமே. பிறகு ‘பலத்த மழையால் ஒத்திவைப்பு’ என்று கௌரவமாகப் போட்டுவிடலாம்.

இருவர் வருவதாக எழுதினார்கள். கோல்போஸ்ட். கூடவே சென்னையிலிருந்து ‘தேங்காய்மூடி’ என்ற அரசியல் பதிவர். என் சிவப்பு அட்டைக்கு “சபாஷ்! கவுன்சிலரை நேரில் பார்க்க ஆசை” என்று பின்னூட்டம் போட்டவர்.

பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கி, ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக முடிவு செய்தேன். அன்று காலை பார்த்தால், எங்கள் தெருவில் பாவு நீட்டியிருக்கிறது. அதுவும் சாதாரணப் பாவு இல்லை. கவுன்சிலரின் மகள் சுமதியின் கல்யாணப் புடவைக்கான பாவு. உடலும் கரையும் கட்சிக் கொடியின் வண்ணத்திலேயே இருக்க வேண்டும் என்று கவுன்சிலரே சாயம் சொல்லிப் போட்டது. மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அவரே வெள்ளை வேட்டியோடு மேற்பார்வைக்கு நின்றிருந்தார்.

“இன்னாடா, பாவாண்ட செருப்புக் காலோட வந்து நிக்கற?” என்றார் அப்பா, கையில் இழையோடு.

“கெளம்பிகினே இருக்கேன்பா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.”

“ஜல்தி போ. மொதலாளி பாக்கறாரு.”

நான் திரும்பினேன். தெருமுனையில் இரண்டு பேர். ஒருவர் கையில் புத்தம் புதுக் கால்பந்து. பிரவுசிங் சென்டர்காரர் அவர்களுக்கு வழி சொன்னதோடு நில்லாமல், வீடு வரைக்கும் கையைக் காட்டி அனுப்பியிருக்கிறார், புண்ணியவான்.

“நடுவரே!” என்று கோல்போஸ்ட் ஓடி வந்து கட்டிக்கொண்டார். பிறகு தெருவைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. “அடேங்கப்பா! அப்படியே எழுதியிருக்கீங்க சார்! அதோ கம்பம், அதோ டச் லைன்! பட்டுலயே கோடு போட்டு வெச்சிருக்கீங்க!”

தெருவே வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

“யார்ரா இவங்க?” என்றார் கவுன்சிலர்.

“ஃப்ரெண்ட்சுங்க மொதலாளி. வேலூர்ல, மெட்ராஸ்ல. தோ, பூரி சாப்ட போறோம்.”

“பூரி கெடக்கட்டும் சார்,” என்று கோல்போஸ்ட் பந்தை என் காலடியில் வைத்தார். “இதுக்காகத்தான் மொத பஸ்ஸுல வந்தேன். அந்த ஃப்ரீ கிக், ஒண்ணே ஒண்ணு. அப்பறம் கேக்கவே மாட்டேன்.”

“முழங்கால்...” என்று இழுத்தேன். மூன்று புள்ளி நேரிலும் வந்தது.

“முழங்காலுக்கு இன்னா?” என்றார் அப்பா, நிஜமான கவலையோடு. “நேத்துகூட மாடிப்படிய ரெண்டு ரெண்டா தாண்டிகினு ஓடனியே?”

இதற்குள் தேங்காய்மூடி கவுன்சிலரின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். வாசலில் மின்னிய சிமென்ட் பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் ஆராய்ச்சியாளனின் ஆனந்தம் பரவியது. நேராகக் கவுன்சிலரிடம் போய்க் கும்பிட்டார்.

“சார், நீங்கதானா அது? உங்களைப் பத்தி நிறைய படிச்சிருக்கேன்.”

கவுன்சிலர் பூரித்தார். “என்னியப் பத்தியா? எதுல வந்துச்சு, பேப்பர்லயா?”

“இன்டர்நெட்டுல சார். உலகம் பூரா படிச்சாங்க. நம்ம நடுவர்தான் உங்களுக்கு சிவ...”

அந்தக் கணத்தில் என் முன்னால் இரண்டு மானம் இருந்தது. ஒன்று கால்பந்து மானம், இன்னொன்று எங்கள் வீட்டுத் தறி. எதைக் காப்பாற்றுவது என்று யோசிக்கவில்லை. “எல்லாரும் இங்க பாருங்க! ஃப்ரீ கிக்!” என்று தெரு அதிரக் கத்தினேன். தேங்காய்மூடியின் வாய் அப்படியே நின்றது. கவுன்சிலரும் திரும்பினார். பாவு ஒரு பக்கம் இருக்க, பந்தை அதற்கு எதிர்ப்பக்கம் காலித் தெருவை நோக்கி அடிப்பதாகக் கணக்கு. நான்கு அடி பின்னால் போனேன். ஓடி வந்தேன். இடதுகாலை வீசினேன்.

பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

செருப்புதான் போனது. நான் தொடர் பதிவில் எழுதியிருந்தபடியே அது முதலில் மேலே எழும்பி, எதிர்பாராத கோணத்தில் சுழன்று, காற்றில் அழகாக இடப்பக்கம் வளைந்து, தடுப்பாக நின்றிருந்த ஆட்களின் தலைக்கு மேலே பறந்து, கல்யாணப் பாவின் நட்டநடுவில், மஞ்சள் குங்குமத்துக்கு ஒரு சாண் தள்ளி, ‘சொத்’தென்று இறங்கியது. இழுத்துக் கட்டிய பட்டு அல்லவா? இரண்டு முறை மெல்லத் தூக்கிப் போட்டுவிட்டு அமர்ந்தது.

பாவைச் சுற்றி நின்றவர்கள் பதறிப் பின்வாங்கினார்கள். கோல்போஸ்ட் மட்டும், “கர்வ் கரெக்டு சார்,” என்று முணுமுணுத்தார்.

கல்யாணப் பட்டின்மேல் செருப்பு. ஒரு பெண்மணி வாயில் அடித்துக்கொண்டாள். “பொண்ணுக்கு இது ஆகாது! கெட்ட சகுனம்!” கவுன்சிலரின் முகம் அவர் கட்சிக் கொடியின் ஒரு வண்ணத்துக்குப் போய், இன்னொரு வண்ணத்துக்கு வந்தது. அப்பா செருப்பை எடுத்துவிட்டு, தலை குனிந்து நின்றார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, நான் தறியைக் காப்பாற்றவில்லை, செருப்பாலேயே அடித்திருக்கிறேன்.

“ஏன்யா, உன் புள்ளைக்கு...” என்று கவுன்சிலர் தொடங்கினார்.

“அப்பா!”

கவுன்சிலர் வீட்டு வாசலில் சுமதி நின்றிருந்தாள். சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. “ஆகாதுன்னா ஆகாதுதான். வுடுங்க. எனக்கு வேற கலர்ல போடுங்க.”

“கொடிக் கலர்மா அது!”

“அதான் பேஜாரு. அந்தக் கொடிய சுத்திகினு மணவறையில ஒக்காரச் சொல்றீங்களே, மாப்ள வீட்டுல எல்லாரும் உங்க எதிர்க்கட்சி. மாமியாருகிட்ட மொத நாளே டெபாசிட் போயிடும். நானும் ஒரு மாசமா சொல்லிகினு இருக்கேன், யாரு கேட்டா?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ரொம்ப தாங்க்ஸ்ணா. எனக்கு அரக்குதான் புடிக்கும்.”

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. சிரிக்காதவர் கவுன்சிலர் மட்டும்தான். ஆனால் அத்தனை வாக்காளர்கள் சிரிக்கும்போது எவ்வளவு நேரம் ஒரு வேட்பாளர் முறைத்துக்கொண்டு நிற்க முடியும்? உள்ளாட்சித் தேர்தல் வேறு வரவிருந்தது. “சரி சரி, பாவ மஞ்சத் தண்ணி தெளிச்சு கடைப் பொடவைக்கு ஏத்துங்க,” என்றார். என்னைப் பார்த்து, “நீயும் உன் ரெண்டு ஃப்ரெண்டும் முடியற வரிக்கும் எழை முடிபோட்டுட்டுத்தான் போவணும். பூரியெல்லாம் அப்பறம்.”

வெயில் ஏறும்வரை மூன்று பதிவர்களும் வெறுங்காலோடு இழைக்கு முடிச்சுப் போட்டோம். நாங்கள் போட்டதையெல்லாம் அப்பா பின்னாலேயே வந்து அவிழ்த்துப் போட்டார். அதுதான் ஆரணியின் முதல் பதிவர் சந்திப்பு. நான் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனேன். இன்னொன்று எங்கே போனதென்று அந்தக் களேபரத்தில் தெரியவில்லை.

ஆச்சரியமாக, அப்பாவுக்கு வேலை நிற்கவில்லை. சுமதியின் அரக்குப் புடவையையும் அவர்தான் நெய்தார். இன்னும் ஆச்சரியமாக, தேர்தலுக்கு முன்பே தெரு முழுக்கச் சாக்கடைக்குப் பலகை போட்டார்கள். கவுன்சிலர் மறுபடி ஜெயித்தார். அந்தச் சிவப்பு அட்டைப் பதிவை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அது ரோஜாப்பூ வீட்டில் இருந்தது. சாவி இல்லை. இன்றைக்கும் அங்கேதான் பூத்துக்கொண்டிருக்கிறது. என்ன, கவுன்சிலருக்குத்தான் தெரியாதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து என் கல்யாணம். கவுன்சிலர் மேடையேறி வந்து, கையில் ஒரு பட்டுப் புடவைப் பெட்டியைக் கொடுத்தார். “இங்கியே பிரிச்சுப் பாரு” என்றார். என் மனைவி ஆவலாகப் பிரித்தாள். உள்ளே, ஜரிகைத் தாளில் சுற்றி, துடைத்துச் சுத்தமாக, என் இடதுகால் செருப்பு. அதன்கீழே, புடவை மடிப்பு கலையாமலிருக்க வைக்கிற அட்டை. சிவப்பில்.

“மொதலாளி... தெரியுமா உங்களுக்கு?”

“உன் மெட்ராஸ் ஃப்ரெண்டு அன்னிக்கு சாயந்தரமே எல்லாத்தியும் எழுதிப்புட்டான். பிரவுசிங் சென்டர்காரன் பிரின்ட் எடுத்து வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தான்.” குனிந்து என் காதருகே சொன்னார். “உங்கப்பன மாரி கரை போட ஆளு கெடையாது, அதான் வுட்டேன். சாக்கட விசியத்துல நீ எழுதுனது சரிதான். ஆனா பந்து விசியத்துல வாயத் தொறக்காத.”

அந்தச் செருப்பை நான் மறுநாளே தூக்கிப் போட்டுவிட்டேன். அட்டையை மட்டும் என் மனைவி பீரோவில் பத்திரப்படுத்தினாள். இன்றும் சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்த நாட்டு அரசியல்ல என்ன பிரச்சினைன்னா...” என்று ஆரம்பித்தால் அவள் எழுந்து போய் பீரோவைத் திறப்பாள். நான் சோற்றுத் தட்டோடு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். என் வாழ்நாளில் சிவப்பு அட்டைக்குக் கட்டுப்பட்டு வெளியேறிய ஒரே ஆள் நான்தான்.